பூசத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கும், அவங்களை அழைச்சிட்டு வர்ற நமக்கும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு உட்கார்ந்து பொறுமையா படிங்க. படிச்சிட்டு திட்டணும்னு தோணுச்சுன்னா திட்டுங்க, பரவாயில்லை.

தை மாசம் நெருங்கினாலே நம்ம வீடுகள்ல போன் அடிக்க ஆரம்பிச்சிடும். "அத்தை, டிக்கெட் போட்டாச்சு", "மாமா, இந்தத் தடவை பத்துமலையில பால்குடம் எடுக்கணும்னு வேண்டுதல்." திருச்சியிலிருந்து, மதுரையிலிருந்து, லண்டன்லிருந்து, மெல்பர்ன்லிருந்து வர்றாங்க. 2023 டிசம்பர்லிருந்து இந்தியக் கடப்பிதழ் வச்சிருக்கவங்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு ஆனதுக்கப்புறம் இன்னும் அதிகமா வர்றாங்க. சந்தோஷம்தான். 272 படியும் அந்த முருகன் சிலையும் நமக்கு மட்டும் சொந்தமில்லையே.

ஆனா பல வருஷமா தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிற தொண்டூழியர்கள் நாங்க. பந்தல்ல வந்து மயங்கி விழறவங்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சு போச்சு. "எந்த ஊருங்க?"ன்னு கேட்டா, பாதிப் பேர் வெளியூர்க்காரங்க. வந்து ஒரு நாள், ரெண்டு நாள் ஆனவங்க.

அவங்க எல்லாரும் சொல்ற வார்த்தை ஒண்ணுதான். "எங்க ஊர்ல 40 டிகிரிங்க. இங்க 33தானே, இதெல்லாம் ஒரு வெயிலா?"

இதுதான் முதல் தப்பு. திருச்சி வெயில் காய்ஞ்ச வெயில். உடம்பு வேர்க்கும், காத்து பட்டதும் வேர்வை காயும், காயும்போது உடம்புச் சூட்டையும் கூட எடுத்துட்டுப் போயிடும். நம்ம ஊர்ல காத்துலயே தண்ணி நிறைஞ்சு கிடக்கு. கோலாலம்பூர்ல விடியற்காலையில ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிக்கும். வேர்வை வரும், ஆனா காயாது. சட்டை நனைஞ்சு ஒட்டிக்கும், உள்ளே சூடு அப்படியே நிக்கும். அதனால 33 டிகிரியே இங்கே ஆளைச் சாய்ச்சிடும். ராத்திரியிலயும் சூடு பெருசா இறங்கறதில்ல. பகல்ல ஏறுன சூடு இறங்க உடம்புக்கு நேரமே கிடைக்கறதில்ல.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர்ல உச்சி வெயில்னா 12 மணி, 12.30. இங்கே நம்ம கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னாடி ஓடுது. தைப்பூச சமயத்துல சூரியன் தலைக்கு மேல வர்றது மதியம் ஒண்ணேகால், ஒண்ணரைக்குத்தான். இந்தியாவிலிருந்து வர்ற அண்ணன் "12 மணி ஆயிடுச்சு, இனிமே வெயில் இறங்கிடும்"னு நெனச்சு அப்பதான் நடக்க ஆரம்பிக்கிறாரு. அவர் கிளம்பற நேரத்துலதான் வெயில் ஏறவே போகுது. 1 மணியிலிருந்து 4 மணி வரைக்கும்தான் எங்க பந்தலுக்கு ஓய்வே கிடையாது.

குளிர் நாட்டுலிருந்து வர்றவங்க கதை வேற. லண்டன்ல ஜனவரி மாசம் சுவெட்டர் போட்டுட்டு இருந்த உடம்பு, 13 மணி நேரம் விமானத்துல உட்கார்ந்து, இறங்கின மறுநாளே ஆத்தங்கரையில குளிச்சிட்டு காவடி தூக்குது. எங்க குழுவுல பாதிப் பேர் பாக்டரி ஆளுங்க. சூடான பகுதியில புது ஆளைப் போட்டா முதல் நாளே முழு வேலை கொடுக்க மாட்டோம். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரத்துலிருந்து ரெண்டு வாரம் ஆகும். சம்பளத்துக்கு வர்ற ஆளுக்கு இவ்வளவு பார்க்கிறோம். சாமிக்கு வர்ற சொந்தத்துக்கு ஏன் பார்க்கறதில்ல?

இதுல அவங்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்ல. அட்டவணை போட்டுக் கொடுக்கறது நாமதானே. "காலையில ஏர்போர்ட், மத்தியானம் பத்துமலை, சாயந்திரம் இரட்டைக் கோபுரம், ராத்திரி மாமாக் கடை, அப்படியே ரதம் பார்த்துட்டு வந்துடலாம்." லீவு நாலே நாள்தான் இருக்குன்னு எல்லாத்தையும் அடைச்சு வச்சிடறோம். மகா மாரியம்மன் கோயில்லிருந்து வெள்ளி ரதம் ராத்திரி புறப்பட்டு, மறுநாள் பகல்லதான் பத்துமலை சேருது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கூடவே நடக்கணும்னா தூக்கம் கிடையாது. தூங்காத உடம்புக்குச் சூட்டைத் தாங்கற சக்தி குறைஞ்சிடும்.

இப்போ சொல்லப் போறதுதான் இந்தப் பதிவை எழுத வச்சது. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தோம்.

சில வருஷத்துக்கு முன்னாடி, பூசத்தன்னிக்கு மதியம் ரெண்டு மணி இருக்கும். தமிழ்நாட்டுலிருந்து வந்த ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கலாம், பால்குடம் எடுத்துட்டு வந்தாரு. முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணிகூட குடிக்கல. எங்க பந்தலுக்குப் பக்கத்துல வந்ததும் தள்ளாட ஆரம்பிச்சாரு. கண்ணு எங்கேயோ பார்க்குது, வாய் ஏதோ முணுமுணுக்குது, கை நடுங்குது. உடனே சுத்தி இருந்த கூட்டம் "அரோகரா!"ன்னு கத்துச்சு. உறுமி மேளம் அடிக்கிற பசங்க நெருங்கி வந்து இன்னும் வேகமா அடிச்சாங்க. ஒரு அம்மா ஓடி வந்து நெத்தி நிறைய விபூதி பூசினாங்க. சிலர் காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. அருள் வந்திருச்சுன்னு எல்லாரும் நெனச்சோம்.

எல்லாரும்னா நாங்களும்தான். பந்தல்ல நின்ன நாங்களும் கையைத் தூக்கி அரோகரா சொன்னவங்கதான். எங்ககிட்ட தண்ணி இருந்துச்சு, ஐஸ் பெட்டி இருந்துச்சு, நிழல் பத்தடி தூரத்துல இருந்துச்சு. ஏழு, எட்டு நிமிஷம் வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம்.

எங்க குழுவுல ஓய்வு பெற்ற தாதி அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்கதான் கூட்டத்தைத் தள்ளிட்டுப் போய் அந்தத் தம்பி கழுத்துல கை வச்சுப் பார்த்தாங்க. "டேய், உடம்பு கொதிக்குதுடா! இது அருள் இல்லடா, தூக்குங்கடா!"ன்னு கத்துனாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. நிழல்ல படுக்க வச்சு, துணியைத் தளர்த்தி, மேல தண்ணி ஊத்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வச்சு விசிறினோம். முதலுதவிக் குழு வந்துச்சு, ஆம்புலன்ஸ் வந்துச்சு. கூட்டத்துல ஆம்புலன்ஸ் வெளியே போகவே எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொல்லத் தேவையில்ல.

பிழைச்சிட்டாரு. பல நாள் மருத்துவமனையில இருந்தாரு, கிட்னி பாதிச்சு, அப்புறம் மெதுவா தேறினாரு. ஊர்லிருந்து அவங்க அம்மா போன் பண்ணி, அவரு தங்கியிருந்த வீட்டு அக்காகிட்ட கேட்டாங்களாம், "எம் பிள்ளை விழும்போது கோயில் ஆளுங்க யாரும் பக்கத்துல இல்லையா?"ன்னு. அந்த அக்கா எங்ககிட்ட வந்து இதைச் சொன்னப்போ எங்கள்ல ஒருத்தருக்கும் பதில் வரல. பக்கத்துலதானே இருந்தோம்.

அருளே கிடையாதுன்னு நாங்க சொல்லல. நாங்களும் காவடி தூக்கினவங்கதான், எங்க அப்பா அம்மாவும் தூக்கினவங்கதான். ஆனா ஒருத்தர் தடுமாறினா முதல்ல உடம்பைப் பாருங்க. பேர் என்ன, யார் கூட வந்தீங்க, இது எந்த இடம்னு கேளுங்க. பதில் குழறுதா, உடம்பு அனலா இருக்கா, வாந்தி எடுத்தாரா, அப்படின்னா வேர்வை இருந்தாலும் இல்லாட்டியும் நிழலுக்குத் தூக்குங்க. யாராவது 999க்கு அடிங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காம உடம்பைக் குளிர வைங்க. நினைவு சரியா இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும். மேளக்காரத் தம்பிங்க ரெண்டு நிமிஷம் அடிக்கறதை நிறுத்தி வழி விடுங்க. உண்மையிலேயே அருளா இருந்தா, மேல கொஞ்சம் தண்ணி பட்டதுக்கு முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

இதைச் சொன்னா சில பெரியவங்க எங்க மேல வருத்தப்படறாங்க. "விரதத்துல இருக்கவனுக்குத் தண்ணியைக் கொடுத்து கெடுக்கிறீங்க"ன்னு நேராவே கேட்டாங்க. எங்களுக்கு விரதம் சொல்லிக் கொடுத்த பெரியவங்க ஒருவேளை சாப்பாடு, சைவம், தரையில படுக்கணும், கெட்ட வார்த்தை பேசக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. சூரியனுக்குக் கீழே தண்ணி இல்லாம நடன்னு யாரும் சொல்லல. அப்பூதி அடிகள் திருநாவுக்கரசர் பேர்ல தண்ணீர்ப் பந்தல் வச்சாருன்னு பெரியபுராணத்துல இருக்கு. நடக்கிற அடியாருக்குத் தண்ணி கொடுக்கறது நம்ம சமயத்துல அவ்வளவு பழசு. கொடுக்கறது புண்ணியம்னா குடிக்கறது எப்படி பாவமாகும்? தண்ணியே தொடக்கூடாதுன்னு தனியா வேண்டுதல் வச்சிருக்கவங்க இருப்பாங்க, அது அவங்களுக்கும் முருகனுக்கும் இடையில. அப்படிப்பட்டவங்க விடியறதுக்கு முன்னாடியே ஏறி இறங்கிடுங்கன்னுதான் கேட்டுக்கறோம். ஜனவரி கடைசியில இங்கே விடியறது ஏழேகாலுக்கு மேல. அதிகாலை 3, 4 மணிக்கு ஆரம்பிச்சா கூட்டம் இருக்கும், வெயில் இருக்காது. தார் ரோடும் காலைச் சுடாது.

காலைப் பத்தியும் சொல்லணும். இனிப்பு நீர் உள்ளவங்க நிறைய பேருக்குப் பாதத்துல உணர்ச்சி குறைவு. மதிய வெயில்ல வெறுங்காலோட தார்ல நடந்தா சூடே தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்தா கொப்புளம். அது புண்ணாகி ஆற மாசக்கணக்குல ஆகும். அவங்க பட்டினி கிடக்கறதும் ஆபத்து. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடற மாத்திரையில சிலது சிறுநீரை அதிகமா வெளியேத்தும். அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த ஊர் வெயில்ல உடம்புத் தண்ணி சீக்கிரம் குறையும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. டிக்கெட் போடும்போதே டாக்டர்கிட்ட, "வெயில்ல விரதத்தோட நடக்கப் போறேன்"னு சொல்லிக் கேட்டுக்குங்க. ஊர்ல கேட்டுட்டு வந்தா போதும், இங்கே வந்து தேடறது கஷ்டம்.

தண்ணி குடிக்கறதுலயும் ஒரு தப்பு நடக்குது. நாலு மணி நேரம் குடிக்காம இருந்துட்டு, பந்தலைப் பார்த்ததும் ஐஸ் போட்ட ரோஸ் சிராப்பை மூணு கிளாஸ் மடமடன்னு குடிக்கிறாங்க. வயித்தைப் புரட்டி அங்கேயே வாந்தி. வெயில்ல வேலை செய்றப்போ நாங்க பாக்டரியில சொல்றது, 15, 20 நிமிஷத்துக்கு ஒரு கப். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே. வேர்வையோட உப்பும் போயிடுது, அதனால வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் கணக்குல குடிக்கறதும் சரியில்ல. நடுவுல உப்பு போட்ட மோர் ரொம்ப நல்லது. மருந்துக் கடையில உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் கிடைக்கும். வீட்டுலயே செய்யணும்னா, கொதிச்சு ஆறின 1 லிட்டர் தண்ணிக்கு சமமா தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், கூட ஒரு ஸ்பூன் உப்பு போட்டா நல்லதுன்னு நெனச்சுப் போட்டுடாதீங்க. எங்க பந்தல்லயும் ஒரு தப்பு இருந்துச்சு. பல வருஷம் இனிப்புத் தண்ணி மட்டும்தான் வச்சிருந்தோம், பசங்க ஆசையா குடிப்பாங்கன்னு. இப்போ பாதிக்குப் பாதி மோர்.

மழையையும் வெளியூர்க்காரங்க நம்பறதில்ல. மூணு மணிக்கு வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு வானம் கருத்து கொட்டித் தீர்த்துடும். அவங்க ஊர் மாதிரி இது சீசன் பார்த்து வர்ற மழை இல்ல. நனைஞ்ச படி வழுக்கும், இறங்கும்போதுதான் அதிகமா விழறாங்க. கிள்ளான் பள்ளத்தாக்குல இடியும் மின்னலும் ரொம்ப அதிகம். இடிச் சத்தம் கேட்டா திறந்த வெளியில நிக்காம கட்டடத்துக்குள்ள போயிடுங்க. குடைக்குக் கீழே நின்னு செல்ஃபி எடுக்கற நேரம் அது இல்ல.

குரங்கைப் பத்தி எல்லாரும் சிரிப்பாங்க. அதுங்களுக்குப் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டா போதும். போன வருஷம் ஒரு சித்தப்பா அர்ச்சனைப் பையைக் குரங்குகிட்டயிருந்து திருப்பி இழுத்தாரு, குரங்கு ஜெயிச்சுது. பை போனா போகட்டும், விட்டுடுங்க. கடிச்சாலோ கீறினாலோ விபூதி வைக்காம, சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே மருத்துவமனைக்குப் போங்க.

கொசுவும் இருக்கு. டிங்கிக் கொசு பகல்ல கடிக்கிற கொசு, காலையிலயும் சாயந்திரமும் அதிகம். விரதத்துல இருக்கவங்க கொசு மருந்து தடவினா தீட்டுன்னு யாரோ சொன்னாங்களாம், அதெல்லாம் ஒண்ணுமில்ல. கடிச்சு 4 நாள்லிருந்து 10 நாளுக்குள்ள காய்ச்சல் வரும், அதாவது அவங்க ஊருக்குத் திரும்பினதுக்கப்புறம். லண்டன் டாக்டருக்கு டிங்கி சட்டுன்னு ஞாபகம் வராது, "மலேசியா போயிட்டு வந்தேன்"னு நீங்கதான் சொல்லணும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம், ரத்தக் கசிவு வரலாம். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிம்மதியாகற அந்த நாள்தான் சில பேருக்கு மோசமாகற நாள். வயித்து வலி, தொடர்ந்து வாந்தி, ஈறுல ரத்தம்னா உடனே ஓடுங்க.

பூசம் முடிஞ்சதும் "ரெடாங் தீவுக்குப் போகலாமா?"ன்னு கேக்கிற சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நேரம் கிழக்குக் கரையில பருவமழை, கடல் கொந்தளிப்பு, தங்கும் விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். காசைக் கட்டிட்டு எங்களுக்குப் போன் பண்ணி அழாதீங்க. கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க, உடம்பும் கொஞ்சம் குளிரும்.

இப்போ நம்ம வீட்டு ஆளுங்களுக்கு. சொந்தக்காரங்க வர்றாங்கன்னா பூசத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வரச் சொல்லுங்க. முடியலன்னா, நாலே நாள் லீவுன்னா, பால்குடத்தை வேற நாள்ல எடுக்கச் சொல்லுங்க. வருஷம் முழுக்க அந்தப் படி அங்கேயேதான் இருக்கு, விடியற்காலையில வந்தா அமைதியா தரிசனம் கிடைக்கும். ஏர்கோனை 18ல வச்சு ராத்திரி முழுக்க படுக்க வைக்காதீங்க, மறுநாள் வெளியே வந்ததும் உடம்பு திணறும். பட்டு ஜிப்பா, ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி வேட்டி போதும். முக்கியமா, கூட்டத்துல அவங்களைத் தனியா விடாதீங்க. அந்தத் தம்பி கூட வந்தவங்க போட்டோ எடுக்க முன்னாடி போயிட்டாங்க. அவரோட இயல்பான நடை எது, தடுமாற்றம் எதுன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட பக்கத்துல இல்ல. முன்பின் தெரியாத எங்களுக்கு அது அருளாத்தான் தெரிஞ்சுது.

இந்த வருஷம் பந்தல்ல ஒரு மூலையைத் துணி கட்டிப் பிரிச்சு, ரெண்டு படுக்கை, ரெண்டு ஃபேன், ஐஸ் பெட்டி வைக்கப் போறோம். தாதி அம்மா மத்தியானம் 12லிருந்து 5 வரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு 70 வயசு ஆகுது, மாத்தி விட இன்னும் ரெண்டு பேர் வேணும். தாதி வேலை தெரிஞ்சவங்க, முதலுதவிப் பயிற்சி எடுத்தவங்க இருந்தா இன்பாக்ஸ் பண்ணுங்க. ஐஸ் கட்டிக்கும் மோருக்கும் உபயம் தர விரும்பறவங்களும் சொல்லுங்க, ரசீது போட்டுத் தருவோம். உறுமி மேளக் குழுத் தம்பிங்ககிட்ட தனியா பேசப் போறோம், வர்ற சனிக்கிழமை சாயந்திரம் 5 மணிக்குக் கோயில் மண்டபத்துல. தெரிஞ்ச குழு இருந்தா கூட்டிட்டு வாங்க, டீ, வடை உண்டு.

வேலும் மயிலும் துணை.